கவுன்சலிங் ஆலோசனைக்கு 30,000 ரூபாய் கேட்கிறார்கள், அவ்வளவு தேவையா?

பொன்னம்மாப்பேட்டை தறி கேட்டது:

பொண்ணு ப்ளஸ் டூ முடித்துவிட்டாள். கணக்கு 88, இயற்பியல் 82, வேதியியல் 79. ஆறாவதிலிருந்து அரசு உதவி பெறும் பள்ளி, தமிழ் வழி. பி.சி. பிரிவு. வீட்டில் இதுவரை யாரும் டிகிரி படித்ததில்லை. இன்ஜினியரிங்தான் வேண்டும் என்கிறாள். கம்ப்யூட்டர் சயின்ஸ், இல்லாவிட்டால் இ.சி.இ. (எலெக்ட்ரானிக்ஸ்).

சேலம் ஃபேர்லேண்ட்ஸ் பக்கம் ஒரு ஆலோசனை மையத்தில் விசாரித்தோம். 30,000 ரூபாய், அதில் 10,000 முன்பணம். சான்றிதழ், பதிவு, சாய்ஸ் ஃபில்லிங் எல்லாம் அவர்களே பார்த்துக்கொள்வார்களாம், சீட் உறுதியாம். பத்தாவது முடித்த பையனையும் இப்போதே சேர்த்துவிட்டால் இரண்டு வருடத்துக்கு ‘ப்ரொஃபைல் பில்டிங்’ சேர்த்து ஒரு பேக்கேஜ் உண்டாம்.

இதில் எது நாமே செய்யக்கூடியது, எதற்கு உண்மையாகவே ஆள் வேண்டும்? கவுன்சலிங் என்ன என்றே தெரியாத வீடு என்று வைத்துக்கொண்டு சொல்லுங்கள்.

---

கருப்பூர் கணக்கு பதில்:

முதலில் கட் ஆஃப், அதாவது சேர்க்கைக்குக் கணக்கிடும் மதிப்பெண். கணக்கு 100-க்கு அப்படியே, இயற்பியலும் வேதியியலும் பாதிப் பாதி. 88 + 41 + 39.5 = 168.5, மொத்தம் 200-க்கு. இதைப் போட்டுச் சொல்ல யாருக்கும் பத்து பைசா தர வேண்டாம். 2007-லிருந்து நுழைவுத் தேர்வு கிடையாது, நேர்முகமும் கிடையாது. கவுன்சலிங் என்பது அரசு நடத்தும் இன்ஜினியரிங் சேர்க்கை: மதிப்பெண், சமூகப் பிரிவு, சாய்ஸ் பட்டியல் (எந்தக் கல்லூரி, எந்தப் பிரிவு வேண்டும் என்று நீங்கள் எழுதும் வரிசை) மூன்றையும் வைத்துக் கணினி இடம் ஒதுக்குகிறது. ‘சீட் உறுதி’ என்று ஒருவர் சொன்னால், ஒன்று எப்படியும் காலியாகக் கிடக்கப்போகிற கல்லூரியைச் சொல்கிறார், இல்லையென்றால் மேனேஜ்மென்ட் கோட்டாவைச் சொல்கிறார். இரண்டுக்கும் கல்லூரியிலிருந்து அவருக்குக் கமிஷன் வரும். ரசீதில் என்ன எழுதித் தருவீர்கள் என்று கேட்டுப் பாருங்கள்.

செலவுக் கணக்கு இவ்வளவுதான்: பதிவுக் கட்டணம் பி.சி.க்கு 500 ரூபாய், எஸ்.சி., எஸ்.டி.க்கு 250. இ-சேவை மையத்தில் ஒரு சான்றிதழுக்கு 60. முதல் பட்டதாரி, வருமானம், இருப்பிடம் மூன்றும் எடுத்தால் 180. ஸ்கேன், பிரின்ட்டுக்குக் கொஞ்சம். ஆயிரத்தைத் தாண்டாது. வீட்டில் கணினி இல்லையென்றால் கருப்பூர் அரசு இன்ஜினியரிங் கல்லூரியில் சேவை மையம் வைப்பார்கள். பதிவிலிருந்து சாய்ஸ் போடுவது வரை அங்கேயே உட்கார்ந்து செய்யலாம், காசு கிடையாது.

யாரை வைத்துப் பதிவு செய்தாலும் ஒன்றை மட்டும் விட்டுக்கொடுக்காதீர்கள். போன் நம்பரும் மின்னஞ்சலும் உங்களுடையதாக இருக்கட்டும். ஆலோசகர் தன் நம்பரைக் கொடுத்துப் பதிந்துவிட்டால் ஓ.டி.பி. எல்லாம் அவருக்குத்தான் போகும். எந்தக் கல்லூரி எந்த வரிசையில் போனது, ஒதுக்கீட்டை ஏற்றதா விட்டதா, எதுவும் உங்களுக்குத் தெரியாது. ஏமாற்று வேலை பெரும்பாலும் நடப்பது இங்கேதான். பாஸ்வேர்டை நோட்டில் எழுதி பொண்ணே வைத்துக்கொள்ளட்டும்.

இனி சாய்ஸ் ஃபில்லிங். உங்களுக்கு ஆள் தேவைப்படும் ஒரே இடம் இது, அதுவும் ஒரு மாலை நேரம். கணினி செய்வது எளிய வேலை. தரவரிசைப்படி ஒவ்வொரு மாணவரின் பட்டியலையும் மேலிருந்து கீழே பார்த்து, இடமிருக்கும் முதல் சாய்ஸைக் கொடுத்துவிட்டு நகரும். பி.சி. மாணவிக்கும் முதலில் பொதுப் பிரிவில் இடமிருக்கிறதா என்று பார்க்கும், இல்லையென்றால் பி.சி. இடத்தில். ஆகவே எட்டாத கல்லூரியை மேலே போட்டால் நஷ்டமே இல்லை, அது கிடைக்காவிட்டால் அடுத்த வரிக்குப் போகும். நஷ்டம் எதில் என்றால், ‘இது கண்டிப்பாகக் கிடைக்கும்’ என்று சுமாரான கல்லூரியை மேலே போடுவதில். அது கிடைத்த நிமிடமே கீழே இருப்பதெல்லாம் செத்துப்போகும். பிறகு ‘அப்வர்ட்’ கேட்டாலும், கிடைத்ததற்கு மேலே நீங்கள் எழுதிய வரிகளுக்குள்தான் நகர்த்துவார்கள். கீழே எழுதிய நல்ல கல்லூரி திரும்ப வராது.

முந்தைய வருடம் எந்தக் கல்லூரி, எந்தப் பிரிவு, எந்தச் சமூகத்துக்கு எங்கே முடிந்தது என்று கவுன்சலிங் தளத்திலேயே இருக்கிறது. மதிப்பெண்ணைப் பார்க்காதீர்கள், தரவரிசையைப் பாருங்கள். கேள்வித்தாள் எளிதாக வந்த வருடம் 170 என்பதற்கு ஒரு மதிப்பு, கடினமாக வந்தால் வேறு மதிப்பு. உதாரணத்துக்கு, தரவரிசை 60,000 என்று வந்தால், சென்ற வருடம் 45,000-ல் முடிந்த இடங்களில் தொடங்கி 85,000-ல் முடிந்தவை வரை எடுத்துக்கொண்டு, பிடித்த வரிசையில் அடுக்க வேண்டும். எண்ணிக்கைக்கு உச்சவரம்பு இல்லை. 50, 60 போட்டாலும் தப்பில்லை.

சாய்ஸ் போட மூன்று நாள், தற்காலிக ஒதுக்கீடு வந்த பிறகு முடிவு சொல்ல இரண்டு நாள். அந்த இரண்டு நாளில் பதில் சொல்லாவிட்டால் இடம் போய்விடும். கிடைத்தது பிடித்திருந்தால் ஏற்றுச் சேர்ந்துவிடலாம். ஏற்றுக்கொண்டு, மேலே கிடைத்தால் நகர்கிறேன் என்றும் சொல்லலாம், அதற்குச் சேவை மையத்தில் கட்டணம் கட்ட வேண்டும். இதை மறுத்துவிட்டு மேலே மட்டும் கேட்கலாம், அடுத்த சுற்றுக்குப் போகலாம், ஒரேயடியாக விலகலாம். தரவரிசையைப் பிரித்துச் சுற்றுச் சுற்றாக அழைப்பார்கள், 168.5-க்கு இரண்டாம் சுற்றில்தான் அழைப்பு வர வாய்ப்பு. கையிலிருப்பதை மறுத்துவிட்டு அடுத்த சுற்றுக்குப் போவது பெரும்பாலும் இறங்குமுகம். அடுத்த சுற்றில் மிஞ்சுவது, இந்தச் சுற்றில் யாரும் எடுக்காததுதான்.

---

மலைப்பாதை 20 பதில்:

கணக்குக்காரர் சொன்னதில் சான்றிதழ் ஒரு வரியில் போய்விட்டது. நிறைய வீடுகளில் இடிக்கிற இடமே அதுதான். ஆலோசகர் அதைச் செய்து தருகிறேன் என்பதும் சும்மா. விண்ணப்பம் கிராம நிர்வாக அலுவலர், ஆர்.ஐ. (வருவாய் ஆய்வாளர்) என்று ஒவ்வொரு மேசையாக ஏறும், குடும்பத்தைக் கேட்டுத்தான் எழுதுவார்கள்.

முதல் பட்டதாரி சான்றுக்கு அப்பா, அம்மா, இரண்டு பக்கத் தாத்தா பாட்டி, கூடப் பிறந்தவர்கள், யாருமே பட்டதாரியாக இருக்கக்கூடாது. இது தனியார் கல்லூரியில் வருடம் 25,000 ரூபாய் டியூஷன் சலுகை, நான்கு வருடத்துக்கு ஒரு லட்சம். ஒற்றைச் சாளர கவுன்சலிங்கில் சேர்ந்தால் மட்டுமே உண்டு, மேனேஜ்மென்ட் கோட்டாவில் போனால் கிடையாது. ஆலோசகர் இதை வாய்விட்டுச் சொல்லமாட்டார்.

திருப்பி அனுப்புவதற்குப் பெரும்பாலும் காரணம் பெயர்தான். ரேஷன் கார்டில் ‘செல்வி க’, டி.சி.யில் ‘கே. செல்வி’, ஆதாரில் அப்பா பெயர் முழுசாக. பத்தாம் வகுப்பு மதிப்பெண் பட்டியலில் எப்படி இருக்கிறதோ அதற்குத் தகுந்த மாதிரி மற்றதை இப்போதே திருத்துங்கள். ரிசல்ட் வந்த வாரத்தில் இ-சேவை மையத்தில் நிற்க இடம் இருக்காது. பையனுக்கும் சேர்த்து இதே வேலையை முடித்துவிடுங்கள். அவனுக்கு எடுக்க வேண்டிய ‘பேக்கேஜ்’ இதுதான்.

நீங்கள் உதவி பெறும் பள்ளி என்பதால் 7.5 சதவீத ஒதுக்கீடு கிடையாது. அது ஆறாவது முதல் பன்னிரண்டு வரை அரசுப் பள்ளியில் படித்தவர்களுக்கு. ஆனால் உதவி பெறும் பள்ளியில் தமிழ் வழியில் படித்த பெண்களையும் 2024-25-ல் புதுமைப் பெண் திட்டத்தில் சேர்த்துவிட்டார்கள். மாதம் 1,000 ரூபாய். கல்லூரியில் சேர்ந்த பிறகு கல்லூரி வழியாகவே விண்ணப்பிக்க வேண்டும். பள்ளியில் ஆறு முதல் பன்னிரண்டு வரை படித்ததற்குச் சான்று வாங்கி வையுங்கள். பையனும் அதே மாதிரி படித்தால் தமிழ்ப் புதல்வன் உண்டு.

இதைப் படிக்கிற ஏற்காட்டுப் பக்கத்துப் பிள்ளைகளுக்கு ஒரு வார்த்தை. பழங்குடியினர் நல உண்டு உறைவிடப் பள்ளியும் 7.5-க்கு அரசுப் பள்ளிதான், ‘நம்ம பள்ளி வேற துறை’ என்று விட்டுவிடாதீர்கள். அந்த ஒதுக்கீட்டில் இன்ஜினியரிங் கிடைத்தால் டியூஷனும் விடுதியும் அரசு கட்டும். மலையாளி சமூகத்துக்கு சேலம் மாவட்டத்தில் எஸ்.டி. சான்று உண்டு. ஆனால் மற்ற சாதிச் சான்று மாதிரி தாலுகா ஆபீஸோடு முடியாது, எஸ்.டி. சான்றில் கையெழுத்துப் போடுவது ஆர்.டி.ஓ. (வருவாய்க் கோட்டாட்சியர்). அப்பாவுக்கோ சித்தப்பாவுக்கோ முன்பு கொடுத்த சான்றின் நகல் இருந்தால் வேகமாக நகரும், இல்லாவிட்டால் விசாரணை, அலைச்சல். 20 கொண்டை ஊசி வளைவு இறங்கி ஏறிக்கொண்டே இருக்க வேண்டும். ஆகவே பத்தாவது லீவிலேயே கையில் இருக்க வேண்டும். சாய்ஸ் போடும் மூன்று நாளும் மலையில் சிக்னலை நம்பி இருக்காதீர்கள், கீழே வந்து ஒரு மையத்தில் உட்காருங்கள். மழைக்காலம் வேறு.

---

சாக்பீஸ் பதில்:

மேலே இருவரும் சொன்னது சரி. ஆனால் ‘ஆலோசனையே வேண்டாம்’ என்று படிக்கிறவர்கள் எடுத்துக்கொள்ளக் கூடாது. படிவம் நிரப்ப ஆள் வேண்டாம், சரி. என்ன படிப்பது என்று கேட்க ஒரு ஆள் வேண்டும். படித்த வீட்டில் மாமா, அத்தை, பக்கத்து வீட்டு அண்ணன் என்று அந்த வேலையை நான்கு பேர் இலவசமாகச் செய்துவிடுகிறார்கள். முதல் பட்டதாரி வீட்டில் அதுதான் இல்லை.

நான் போடும் கணக்கு: பத்தாவது முடிவில் ஒரு மணி நேரம், ப்ளஸ் டூ தொடக்கத்தில் ஒரு மணி நேரம், ரிசல்ட்டுக்குப் பிறகு ஒரு மாலை, ஒதுக்கீடு வரும் நாளில் ஒரு போன். அதற்குமேல் போனால் விற்பனை.

பையனுக்கு இப்போது முடிவெடுக்க வேண்டியது குரூப். கணக்கை விட்டால் கவுன்சலிங்கில் இன்ஜினியரிங் கதவு ஏறக்குறைய மூடிவிடும். உயிரியலை விட்டால் மருத்துவப் பக்கமும் அப்படித்தான். இரண்டிலும் ஒரு கண் இருந்தால் கணக்கு-உயிரியல். ஆனால் பத்தாவது கணக்கில் 50-க்குத் திணறிய பையனை ‘எல்லா வாய்ப்பும் திறந்திருக்கும்’ என்று அதில் தள்ளினால் இரண்டு வருடம் வீண். அவனுக்கு காமர்ஸோ பாலிடெக்னிக்கோ நல்லது. டிப்ளமோ முடித்து இன்ஜினியரிங் இரண்டாம் ஆண்டில் நேராகச் சேரலாம் என்பதையும் யாராவது சொல்ல வேண்டும்.

ப்ளஸ் டூ தொடக்கத்தில் ஏன் என்றால், சில கதவுகள் ரிசல்ட்டுக்கு வெகு முன்பே மூடிவிடும். என்.ஐ.டி. போன்ற மத்திய அரசுக் கல்லூரிகளுக்கான நுழைவுத் தேர்வு ஜே.இ.இ. மெயின், அதன் ஜனவரித் தேர்வுக்கு நவம்பரோடு விண்ணப்பம் முடிந்துவிடும். திருச்சி என்.ஐ.டி.யில் பாதி இடம் தமிழ்நாட்டுக்காரருக்கு என்பதே பல பிள்ளைகளுக்கு மே மாதம்தான் தெரிய வருகிறது. மத்தியப் பல்கலைக்கழகங்களுக்கான க்யூட், மருத்துவத்துக்கான நீட் இரண்டும் அப்படித்தான்.

‘ப்ரொஃபைல் பில்டிங்’ பற்றி. அது வெளிநாட்டுச் சேர்க்கையிலிருந்து இறக்குமதியான சரக்கு. அமெரிக்காவில் பல கல்லூரிகள் கட்டுரை, பரிந்துரைக் கடிதம், பள்ளிக்கு வெளியே செய்த வேலை எல்லாவற்றையும் படித்துப் பார்த்துச் சேர்க்கின்றன. இங்கே கவுன்சலிங் கணினிக்கு உங்கள் பையன் கபடி ஆடியதும் தெரியாது, ரோபோ செய்ததும் தெரியாது. விளையாட்டு ஒதுக்கீடு தனி, அதற்கு வேண்டியது மாவட்ட, மாநில அளவுச் சான்றிதழ், ப்ரொஃபைல் அல்ல.

இலவசமாகக் கேட்க இடமிருக்கிறது. 14417 கல்வி உதவி எண். அரசே நான் முதல்வன், உயர்வுக்குப் படி என்று வழிகாட்டி முகாம் நடத்துகிறது, போனால் ஆள் இருக்கிறது. ஆனால் ஒரே நாளில் ஒரு மண்டபம் நிறையப் பிள்ளைகள். பொதுவாகக் கேட்காமல், ‘168.5, பி.சி., இந்த நான்கு கல்லூரியில் எது’ என்று காகிதத்தோடு போனால்தான் பதில் கிடைக்கும்.

மாற்றுக் கதவையும் மறக்க வேண்டாம். அரசு கலைக் கல்லூரிகளுக்கு 50 ரூபாயில் ஒரே விண்ணப்பத்தில் ஐந்து கல்லூரி போடலாம், எஸ்.சி., எஸ்.டி.க்கு 2 ரூபாய். 1857-ல் தொடங்கிய நம் அரசு கலைக் கல்லூரியும் பெண்கள் கலைக் கல்லூரியும் ஊருக்குள்ளேயே இருக்கின்றன. இன்ஜினியரிங் கவுன்சலிங் முடிவதற்குள் அந்தச் சேர்க்கை முடிந்துவிடும், அதனால் முன்பே போட்டு வையுங்கள்.

---

பொன்னம்மாப்பேட்டை தறி மறுபடி:

மூன்று பேருக்கும் நன்றிங்க. முன்பணம் கட்டவில்லை. முதல் பட்டதாரி சான்று வந்துவிட்டது, கொழுந்தியா படித்தவள் என்பதால் சிக்கலாகுமோ என்று பயந்தோம், அது கணக்கில் வராதாம். பொண்ணு எழுதிய பட்டியலில் 14 சாய்ஸ். எல்லாமே கம்ப்யூட்டர் சயின்ஸ், சேலம், நாமக்கல், ஈரோடு, கோவை. முதல் இடத்தில் வீட்டுக்குப் பக்கத்தில் பஸ் வரும் கல்லூரி, கருப்பூர் அரசுக் கல்லூரி ஆறாவதில். தினம் வீட்டிலிருந்து போய்வர வேண்டும் என்பது அவள் அம்மா ஆசை. சரியா?

---

கருப்பூர் கணக்கு பதில்:

கருப்பூரை ஆறாவதில் வைத்தது தப்பு. அதுவும் வீட்டிலிருந்து போய்வரும் தூரம்தானே. அரசுக் கல்லூரியில் கட்டணம் தனியாரைவிட எவ்வளவோ குறைவு. கிடைக்குமா கிடைக்காதா என்பது வேறு பேச்சு, மேலே போடுவதற்குக் காசா கேட்கிறார்கள்? அங்கே கம்ப்யூட்டர் சயின்ஸுக்குக் கீழேயே இ.சி.இ., அதற்கும் கீழே இ.இ.இ. (எலெக்ட்ரிக்கல்) போடுங்கள். கட்டணம் பெரிய விஷயம் என்றால், அரசுக் கல்லூரியில் இ.இ.இ.யா, பேர் தெரியாத தனியாரில் கம்ப்யூட்டர் சயின்ஸா என்று பொண்ணு பட்டியல் போடும்போதே முடிவெடுக்கட்டும். ஒதுக்கீடு வந்த பிறகு அழுது பயனில்லை.

14 போதாது. ஒரே பிரிவை மட்டும் பிடித்துத் தொங்கினால் நடுவில் பெரிய ஓட்டை விழும். எல்லாரும் முதலில் கேட்பது அதைத்தான், நல்ல கல்லூரிகளில் முதலில் மூடுவதும் அதுதான். ஐ.டி., ஏ.ஐ. அண்ட் டேட்டா சயின்ஸ் இரண்டையும் சேருங்கள், இ.சி.இ.யைக் கலந்து போடுங்கள். பட்டியல் 40-ஐத் தொடட்டும். அதே சமயம், கிடைத்தாலும் போகமாட்டோம் என்கிற கல்லூரியை எண்ணிக்கைக்காகப் போடாதீர்கள். கிடைத்துவிடும்.

தனியார் கல்லூரி ஒவ்வொன்றுக்கும் மூன்று விஷயம் பாருங்கள். அந்தப் பிரிவுக்கு என்.பி.ஏ. என்ற தர அங்கீகாரம் இருக்கிறதா (முழுக் கல்லூரிக்கும் தரும் நாக் அங்கீகாரம் வேறு, இது பிரிவுக்குப் பிரிவு மாறும்). தானே தேர்வு நடத்தும் தன்னாட்சிக் கல்லூரி இல்லையென்றால் அண்ணா பல்கலைக்கழகம் வெளியிடும் செமஸ்டர் தேர்ச்சி விகிதம். மூன்றாவது, மொத்தக் கட்டணம். 2017-ல் அரசின் கட்டணக் குழு நிர்ணயித்தபடி, கவுன்சலிங்கில் சேர்வோருக்கு வருடக் கட்டணம் அங்கீகாரம் உள்ள பிரிவுக்கு 55,000, இல்லாததற்கு 50,000. ஆனால் பஸ், ட்ரெய்னிங், ‘பிளேஸ்மென்ட்’ என்று தனியாக வாங்குவது கல்லூரிக்குக் கல்லூரி மாறும். போனில் கேட்காதீர்கள். நேரில் போய் முதலாமாண்டு மாணவர் ஒருவரிடம், ‘போன வருடம் மொத்தமாக எவ்வளவு கட்டினாய்’ என்று கேளுங்கள். அலுவலகத்தில் சொல்லும் தொகைக்கும் இதற்கும் நடுவில் இருப்பதுதான் நீங்கள் கடன் வாங்கப்போகும் தொகை.

எந்தக் கல்லூரியிலும் ‘இடத்தைப் பிடித்து வையுங்கள்’ என்று அசல் டி.சி.யையும் மதிப்பெண் பட்டியலையும் கொடுத்துவிடாதீர்கள். அசலைப் பிடித்து வைக்கக்கூடாது என்று ஏ.ஐ.சி.டி.இ. (தொழில்நுட்பக் கல்விக்கான மத்திய அமைப்பு) விதியே இருக்கிறது, வகுப்பு தொடங்கும் முன் விலகினால் 1,000 ரூபாய்க்கு மேல் பிடிக்கவும் கூடாது. ஆனால் விதியைக் காட்டித் திரும்ப வாங்குவதற்குள் உங்கள் சுற்று முடிந்துவிடும்.

கடைசியாக, கோடு நம்பர். கல்லூரிக்குப் பெரும்பாலும் நான்கு இலக்கம், பிரிவுக்கு இரண்டு எழுத்து. ஒரே அறக்கட்டளைக்கு ஏறக்குறைய ஒரே பெயரில் இரண்டு மூன்று கல்லூரி இருக்கும், கோடு வேறு, தரமும் வேறு. உதவி பெறும் கல்லூரிகளில் ஒரே பிரிவு இரண்டு முறை வரும், சுயநிதிப் பிரிவுக்குத் தனிக் கோடு, கட்டணமும் கூடுதல். இ.சி. போடப்போய் இ.இ. தட்டிவிட்டால் நான்கு வருடம் மின் இயந்திரம் படிக்க வேண்டியதுதான். ஆகவே முதலில் காகிதத்தில் எழுதுங்கள். திரையில் ஏற்றிய பிறகு பிரின்ட் எடுத்து, பொண்ணு கோடை உரக்கப் படிக்கட்டும், பையன் காகிதத்தில் டிக் போடட்டும். மூன்றாம் நாள் ராத்திரி வரை இழுக்காமல் இரண்டாம் நாளே முடித்துவிடுங்கள்.

ஒதுக்கீடு வரும் இரண்டு நாளும் பதிந்த சிம் இருக்கும் போன் பொண்ணு கையிலேயே இருக்கட்டும். பட்டறைக்கு எடுத்துப் போனால் தறிச் சத்தத்தில் ஓ.டி.பி. வந்தது காதில் விழாது.